பழைய மோட்டார் சைக்கிளில் ஆயில் கசியும் கிளட்ச் கவர் கேஸ்கட்டை மாற்றும் முறை

பழைய மோட்டார் சைக்கிளின் அடியில் ஆயில் சொட்டியிருப்பதைக் கண்டதும், பலரும் முதலில் செய்வது ஸ்பேனரை எடுத்து அந்தப் பக்கத்துப் போல்ட்டுகளை எல்லாம் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பார்ப்பதுதான். அந்த இறுக்கல் கசிவைச் சில நாட்களுக்கு மட்டுப்படுத்தலாம். ஆனால் அலுமினிய உறையில் போல்ட் துளையை ஒட்டிய பகுதி உள்வாங்குவதும், இரண்டு போல்ட்டுகளுக்கு இடைப்பட்ட பகுதி வில்லாக வளைவதும், இன்ஜின் பக்கத்து மரை பாதி பிடுங்கிக்கொள்வதும் அந்தக் கூடுதல் இறுக்கத்தால்தான் நேர்கின்றன. பிறகு உறைக்கும் இன்ஜினுக்கும் இடையில் வைக்கும் மெல்லிய தாளான கேஸ்கட்டைப் புதிதாகப் போட்டாலும் அதே இடத்தில் மீண்டும் கசிகிறது. பழி கேஸ்கட்டின் மேல் விழுகிறது. ஆயிலை அடைத்து நிறுத்துவதில் அந்த மெல்லிய தாளுக்கு உள்ள பங்கைவிட, அது உட்காரும் இரண்டு உலோக முகங்களின் சுத்தத்துக்கும் சமதளத்துக்கும் உள்ள பங்கு பெரிது. இந்தக் கட்டுரையில் கழற்றுவதையும் பூட்டுவதையும்விட முகங்களைத் தயார் செய்வதற்கு அதிக இடம் ஒதுக்கியிருப்பதற்குக் காரணம் அதுவே.

எடுத்துக்காட்டாக, காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியின் கிளட்ச் கவரை, அதாவது இன்ஜினின் பக்கவாட்டில் கிளட்ச்சை மூடியிருக்கும் உறையை, எடுத்துக்கொள்கிறேன். இன்ஜினைச் சட்டகத்திலிருந்து இறக்க வேண்டியதில்லை, வால்வு டைமிங்கைத் தொட வேண்டியதில்லை, தவறு நேர்ந்தாலும் மீண்டும் கழற்றிப் பார்க்கலாம் என்பதால், முதன்முறையாக இன்ஜினைத் திறப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. இதைச் சரியாகச் செய்யக் கற்றவர் மேக்னெட் கவர், சிலிண்டரின் உச்சியில் உள்ள ராக்கர் கவர் ஆகியவற்றையும் இதே ஒழுங்கில் செய்யலாம்.

கசியும் இடத்தைக் கண்டுபிடித்தல்

ஆயில் சொட்டும் இடமும் கசியும் இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று ஆயிலைப் பின்னோக்கித் தள்ளுகிறது. நின்ற பிறகு அது கீழே இறங்கி, இன்ஜினின் மிகத் தாழ்ந்த முனையில் திரண்டு சொட்டுகிறது. ராக்கர் கவரில் தொடங்கிய கசிவு சிலிண்டரின் குளிர்த்தகடுகள் வழியே வழிந்து, கிளட்ச் கவரின் விளிம்பில் ஓடி, கடைசியில் ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டின் நுனியில் தொங்கும். ஆகவே, ஈரமாக உள்ள பகுதிகளில் எது மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருக்கிறதோ, அதுதான் முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம்.

இதை உறுதிப்படுத்திக்கொள்ள எளிய வழி உண்டு. ஆறிய இன்ஜினை மண்ணெண்ணெய் அல்லது டிகிரீசர் கொண்டு பிரஷால் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து, முழுவதும் உலர விடுங்கள். கழுவும்போது கார்புரேட்டரின் காற்று வாயிலும் மின் இணைப்புகளும் நனையாமல் மூடிக்கொள்வது நல்லது. நன்றாக உலர்ந்தபின் சந்தேகமுள்ள இணைப்புகளின் மேல் சாதாரண முகப்பவுடரைத் தூவி, இன்ஜின் சூடாகும்வரை சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கசியும் இடத்தில் பவுடர் நனைந்து பழுப்பாகக் கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு இணைப்பின் நடுவில் தொடங்கினால் கேஸ்கட். கிக்கர் தண்டு அல்லது கியர் தண்டைச் சுற்றி வட்டமாகத் தொடங்கினால் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல். இவ்விரண்டும் வெவ்வேறு வேலைகள். இருப்பினும் கிக்கர் தண்டின் சீல் பெரும்பாலான வண்டிகளில் கிளட்ச் கவரிலேயே அமைந்திருப்பதால், கவரைக் கழற்றும் அன்றே அதையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

கேஸ்கட்தான் என்று தெரிந்த பிறகும், கழற்றுவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். முதலாவது ஆயில் அளவு: அளவுக்கு மேல் ஊற்றப்பட்ட ஆயில் தனக்கு ஒரு வழியைத் தேடிக்கொள்ளும். இரண்டாவது, பெரும்பாலோர் பார்க்கத் தவறுவது, இன்ஜினின் மூச்சுக்குழாய். பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் இன்ஜினின் அடிப்பகுதி உறையான கிராங்க் கேஸுக்குள் உள்ள காற்று அழுத்தப்படுகிறது. அதோடு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி இறங்கும் எரிந்த வாயுவும் சேர்கிறது. இவை வெளியேற வேண்டிய ரப்பர் குழாய் மடிந்தோ, அழுக்கால் அடைத்தோ கிடந்தால், உள்ளழுத்தம் ஏறி ஆயிலை எந்த இணைப்பு பலவீனமோ அதன் வழியே வெளியே தள்ளும். மூச்சுக்குழாய் அடைத்திருக்கும் இன்ஜினில் எத்தனை கேஸ்கட் மாற்றினாலும் பயனில்லை. குழாயைக் கழற்றி, வாயால் ஊதாமல் காற்றடிக்கும் பம்பால் ஊதிப் பார்த்து, அதன் வழியே காற்று தடையின்றிப் போகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆயிலுக்குத் தனித் தொட்டி உள்ள பழைய டிரை சம்ப் வண்டிகளுக்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்று உண்டு. அவற்றை வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைத்தால், தொட்டியில் உள்ள ஆயில் தேய்ந்த பம்பின் வழியே மெல்ல இறங்கிக் கிராங்க் கேஸை நிரப்பிவிடும். பிறகு ஸ்டார்ட் செய்ததும் புகையும் கசிவும் ஒன்றாகத் தோன்றும். அங்கே குறை பம்பிலோ அதன் வால்விலோதான் இருக்கும். கேஸ்கட்டை மாற்றுவதால் அது தீராது.

தேவையானவை

வண்டியின் சர்வீஸ் மேனுவல் எல்லாக் கருவிகளுக்கும் முன்னதாகக் கையில் இருக்க வேண்டும். போல்ட்டுகளை எவ்வளவு இறுக்க வேண்டும் என்னும் டார்க் அளவு, ஆயில் கொள்ளளவு, உள்ளே எந்தத் தண்டில் எந்த வாஷர் என்பதெல்லாம் அதில்தான் உள்ளன. இங்கே நான் தரும் எண்கள் பொதுவானவை. மேனுவல் வேறு எண் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

கருவிகளில், சாக்கெட் செட்டும் ஆலன் கீகளும் ரப்பர் சுத்தியலும் எல்லோரும் அறிந்தவை. சிறிய அளவுகளை அளக்கக்கூடிய டார்க் ரெஞ்ச் ஒன்றைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கார் சக்கர நட்டுக்கு உரிய பெரிய டார்க் ரெஞ்சால் இந்த வேலையைச் செய்ய முடியாது, அதன் தொடக்க அளவே இந்தப் போல்ட்டுகளை முறித்துவிடக்கூடும். பழைய ஜப்பானிய வண்டியாக இருந்து, கவர் திருகுகளுக்குக் கூட்டல் குறி போன்ற தலை இருந்தால், அவை ஜே.ஐ.எஸ். என்னும் ஜப்பானியத் தரத்துக்கு வெட்டப்பட்டவையாக இருக்கும். சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவரின் முனை அந்தப் பள்ளத்தில் முழுமையாக இறங்காது, திருகினால் மேலெழும்பித் தலையை வழுக்கிவிடும். ஜே.ஐ.எஸ். முனையும், சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவரும் இருந்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

இவை தவிர, பிளாஸ்டிக் அல்லது பித்தளைச் சுரண்டி, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ், நேர்விளிம்புள்ள எஃகு அளவுகோல், ஆயில் பிடிக்கும் அகலமான தட்டு, பஞ்சு பிரியாத துணி, கையுறை, ஓர் அட்டைத் துண்டு, டிரெயின் போல்ட்டுக்குப் புதிய வாஷர் ஆகியவற்றைத் தயார் செய்துகொள்ளுங்கள். பயன்படுத்திய இன்ஜின் ஆயில் தோலில் தொடர்ந்து படுவதில் புற்றுநோய் அபாயம் உள்ளது என்பதால் கையுறையைத் தவிர்க்க வேண்டாம்.

கழற்றுதல்

இன்ஜினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு வெதுவெதுப்பாக்கி, வண்டியை நடு ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்தி, ஆயிலை வடியுங்கள். வெதுவெதுப்பான ஆயில் அடியில் படிந்த அழுக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். வடிந்த ஆயிலை ஒரு கணம் வெளிச்சத்தில் பாருங்கள்: பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் சேர்ந்திருக்கிறது, மின்னும் உலோகச் செதில்கள் விரலில் உறுத்தினால், கேஸ்கட்டைவிடப் பெரிய வேலை உள்ளே காத்திருக்கிறது. ஆயில் வடிந்த பின் இன்ஜினை முழுமையாக ஆறவிட்டு, அதன் பிறகே கவரில் கை வையுங்கள். சூடாக இருக்கும்போது போல்ட்டுகளைத் தளர்த்தினால் அலுமினிய உறை வளைய வாய்ப்புண்டு.

பெரும்பாலான ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளில் கிளட்ச் கவர் வலப்பக்கம் இருக்கும். அதை அடைய ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல், கிக்கர் ஆகியவற்றைக் கழற்ற வேண்டியிருக்கும். கிக்கரைக் கழற்றுமுன் தண்டின் முனையிலும் கிக்கரின் காதிலும் நேர்நேராக ஓர் அடையாளம் இட்டுக்கொள்ளுங்கள். கிக்கரைப் பிடித்திருக்கும் போல்ட் பல வண்டிகளில் தண்டிலுள்ள ஒரு பள்ளத்தின் ஊடே செல்கிறது. எனவே அதைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுவதும் உருவி எடுத்த பின்புதான் கிக்கர் வெளியே வரும். கிளட்ச் கேபிளின் கொக்கி கவரில் மாட்டியிருந்தால், அட்ஜஸ்டரைத் தளர்த்தி கேபிளை விடுவியுங்கள்.

இப்போது அட்டைத் துண்டில் கவரின் வடிவத்தைத் தோராயமாக வரைந்து, ஒவ்வொரு போல்ட்டும் இருக்கும் இடத்தில் துளையிடுங்கள். கழற்றும் போல்ட்டை உடனுக்குடன் அதே இடத்துத் துளையில் செருகி வைக்க வேண்டும். இந்தக் கவர்களில் போல்ட்டுகளின் நீளம் ஒரே மாதிரி இருப்பதில்லை. நீள போல்ட்டைக் குட்டைத் துளையில் போட்டால், அது அடியில் முட்டி நின்று, கவரை அழுத்தாமலேயே இறுகிவிட்டது போல் காட்டும்; மேலும் முறுக்கினால் உறை வெடிக்கும். குட்டை போல்ட்டை ஆழமான துளையில் போட்டால் இரண்டு மூன்று மரைகளே பிடிக்கும், அவை முதல் இறுக்கத்திலேயே பிடுங்கிக்கொள்ளும். பழைய வண்டிகளில் முன்பு யாரோ இடம் மாற்றிப் போட்ட போல்ட்டுகளைக் காண்பது சர்வ சாதாரணம் என்பதால், இருந்த இடத்தில் இருந்ததுதான் சரி என்றும் நம்பிவிட முடியாது. இதைச் சோதிக்கும் வழியைப் பின்னால் சொல்கிறேன்.

போல்ட்டுகளை ஒன்றை முழுவதும் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிரெதிராக அரைச் சுற்று வீதம் எல்லாவற்றையும் முதலில் தளர்த்துங்கள். ஒரு போல்ட் அசையவே மறுத்தால் பலத்தைக் கூட்டாமல், அதைச் சுற்றியுள்ள அலுமினியத்தை ஹீட் கன்னால் சூடாக்குங்கள். அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவடைவதால் பிடிப்பு தளரும். ஆயிலும் பெட்ரோலும் அருகில் இருக்கும் நிலையில் நெருப்புச் சுடரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

எல்லாப் போல்ட்டுகளும் வந்த பிறகும் கவர் ஒட்டிக்கொண்டே நிற்கும். ரப்பர் சுத்தியலால் விளிம்பைச் சுற்றிப் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டுங்கள். அப்போதும் வரவில்லை என்றால், விட்டுப்போன போல்ட் ஒன்று அழுக்கின் அடியில் மறைந்திருக்கிறதா என்று தேடுங்கள், அநேகமாக இருக்கும். எக்காரணம் கொண்டும் இணைப்பின் இடுக்கில் ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பாதீர்கள். அந்த முனை போடும் ஒரு கீறல், எந்தக் கேஸ்கட்டாலும் அடைக்க முடியாத கால்வாயாக நிலைத்துவிடும்.

கவர் விடுபடும் கணத்தில் அவசரப்படாமல் நேராக இழுங்கள். கிக்கர் தண்டைக் கட்டை விரலால் உள்நோக்கி அழுத்திக்கொண்டே கவரை இழுத்தால், தண்டு கவரோடு வெளியே வந்து அதன் ஸ்பிரிங் சுழன்று பிரிவதைத் தவிர்க்கலாம். தண்டுகளின் முனையில் இருக்கும் மெல்லிய வாஷர்கள் ஆயிலின் பசையால் கவரின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு வரும்; அவை கீழே விழுமுன் பார்த்து, எந்தத் தண்டுக்கு உரியவை என்று குறித்து, திரும்ப அதே தண்டில் போட்டுவிடுங்கள். கவரை இடம் பிசகாமல் நிறுத்தும் டோவல் பின்கள், அதாவது உள்ளீடற்ற சிறு எஃகு வளையங்கள், பொதுவாக இரண்டு இருக்கும். ஒன்று கவரோடும் மற்றொன்று இன்ஜினோடும் தங்கியிருக்கலாம். திறந்த நிலையில் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முகங்களைத் தயார் செய்தல்

பழைய கேஸ்கட் பாதி கவரிலும் பாதி இன்ஜினிலும் கிழிந்து, கல்போல் இறுகிக் கிடக்கும். இதைத் தொடுமுன் ஓர் எச்சரிக்கை. பல பத்தாண்டுகளுக்கு முந்தைய வண்டிகளின் கேஸ்கட்டுகளிலும் கிளட்ச் பிளேட்டுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. வண்டி அத்தனை பழையது என்றால், அந்தப் படிவை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசியாக்கவோ, ஊதிப் பறக்கவிடவோ கூடாது. ஆயிலால் நன்றாக நனைத்து, ஈரமாகவே சுரண்டி, துணியோடு சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

சுரண்டத் தொடங்குமுன், திறந்து கிடக்கும் இன்ஜினின் உட்பகுதியைச் சுத்தமான துணியால் அடைத்து மூடுங்கள். உள்ளே விழும் கேஸ்கட் துணுக்கு ஆயில் பம்பின் வடிகட்டியைச் சென்றடையும். கேஸ்கட் ரிமூவர் திரவத்தைப் பூசிப் பத்து, பதினைந்து நிமிடம் ஊறவிட்டால், பாதிப் படிவு பிளாஸ்டிக் சுரண்டிக்கே இளகிவரும். ஆனால் அது பெயின்ட்டில் பட்டால் பெயின்ட்டையும் உரித்துவிடும். மீதியைப் பித்தளைச் சுரண்டியால் எடுங்கள். சவரப் பிளேடைப் பயன்படுத்தத்தான் வேண்டுமென்றால், அதை உலோகத்தோடு ஏறக்குறையப் படுக்கையாக வைத்துத் தள்ள வேண்டும். பிளேடின் மூலை அலுமினியத்தில் இறங்கினால் கீறிவிடும்.

டிரில் மெஷினில் மாட்டித் தேய்க்கும் சொரசொரப்பான டிஸ்க்குகளை இங்கே பயன்படுத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த டிஸ்க் உதிர்க்கும் அலுமினியம் ஆக்ஸைடு துகள்கள் துணியைத் தாண்டி உள்ளே போய், ஆயிலோடு கலந்து பேரிங்குகளை அரித்துவிடும். அதோடு, மென்மையான அலுமினியத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களையும் அது தோண்டிவிடும். கையால் ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

முகம் சுத்தமானதாகத் தோன்றியதும் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் அதன் மேல் தடவிச் செல்லுங்கள். கண்ணுக்குத் தப்பிய மேடுகளை விரல் கண்டுபிடித்துவிடும். குறிப்பாக இன்ஜின் பக்கத்துப் போல்ட் துளைகளைச் சுற்றி, மரை மேலிழுக்கப்பட்டதால் எழும்பிய மெல்லிய வளையம் ஒன்று தட்டுப்படும். பழைய வண்டிகளில் கேஸ்கட் மீண்டும் மீண்டும் கசிவதற்கு இந்த வளையமே முதன்மையான காரணம் என்பேன். கவர் அந்த வளையங்களின் மேல் உட்கார்ந்து, இடைப்பட்ட பகுதி கேஸ்கட்டை அழுத்தாமல் தொங்கிக்கொண்டிருக்கும். மென்மையான சாணைக்கல்லையோ நுண்ணிய தட்டை அரத்தையோ முகத்தின் மேல் படிய வைத்து, அந்த மேடு மட்டும் மறையும்வரை இரண்டு மூன்று முறை இழுத்தால் போதும்.

கவரின் முகத்தைச் சோதிப்பது இன்னும் எளிது. தடித்த கண்ணாடித் துண்டு ஒன்றைச் சமமான மேசையில் வைத்து, கவரை அதன் மேல் கவிழ்த்து, விளிம்பின் அடியில் ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். 0.05 மி.மீ. தகடு எங்கும் நுழையாவிட்டால் கவலையில்லை. நுழைந்தால், கண்ணாடியின் மேல் 400 எண் உப்புத்தாளை ஒட்டி, ஆயில் விட்டு, கவரை எட்டு வடிவில் மெதுவாக நகர்த்தித் தேய்க்க வேண்டும். தேய்க்குமுன் மார்க்கர் பேனாவால் முகம் முழுவதும் கோடுகள் இட்டுக்கொண்டால், எங்கே மை அழிகிறது, எங்கே நிற்கிறது என்பது மேட்டையும் பள்ளத்தையும் வரைபடமாகக் காட்டிவிடும். மை எல்லா இடத்திலும் சீராக அழிந்ததும் நிறுத்திவிடுங்கள். பிறகு கவரைச் சோப்பு நீரில் கழுவி, ஆயில் செல்லும் துளைகளில் காற்றடித்து, ஒரு மணல் துகள்கூட மிஞ்சாதபடி செய்ய வேண்டும்.

மரைகளையும் இப்போதே பாருங்கள். ஒவ்வொரு துளையிலும் பிரேக் கிளீனரைத் தெளித்துக் காற்றடித்து ஆயிலை வெளியேற்றுங்கள். அடிப்பகுதி மூடிய துளையில் ஆயில் தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும்போது அது போக வழியின்றி உறையை வெடிக்கச் செய்யும். போல்ட்டைக் கையால் திருகும்போது கடைசிவரை வழவழப்பாக இறங்க வேண்டும். மரை பிடுங்கிப்போன துளைக்கு ஹெலிகாயில் என்னும் கம்பிச் சுருள் மரையைப் பொருத்துவதே நிலையான தீர்வு. பசை ஊற்றுவதும், ஒரு சுற்றுப் பெரிய போல்ட்டை அடித்து இறக்குவதும் அடுத்தவருக்கு விட்டுச்செல்லும் துன்பங்கள்.

புதிய கேஸ்கட்

வண்டிக்கு உரிய கேஸ்கட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். வாங்கியதும் பழைய கேஸ்கட்டின் கிழியாத துண்டோடு தடிமனை ஒப்பிடுங்கள். கவரின் மேல் வைத்து, போல்ட் துளைகள் மட்டுமல்லாமல் ஆயில் வழித்துளைகளும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஆயில் வழித்துளை ஒன்று இல்லாத கேஸ்கட், கசிவை நிறுத்தி இன்ஜினைக் கொன்றுவிடும்.

உற்பத்தி நின்றுபோன வண்டிக்குக் கேஸ்கட் கிடைக்காதபோது, கேஸ்கட் தாள் வாங்கி நாமே வெட்டலாம். பெரும்பாலான பக்கக் கவர்களுக்கு 0.5 மி.மீ. தாள் பொருந்தும், ஆயினும் பழையதின் தடிமனே அளவுகோல். கவரின் முகத்தில் மிக மெல்லிதாக ஆயிலோ மையோ பூசி, தாளின் மேல் நேராக வைத்து அழுத்தி எடுத்தால் வடிவம் பதிந்துவிடும். வெளி விளிம்பை வெட்டும் முன் போல்ட் துளைகளைக் துளையிடும் குழல் பஞ்ச் கருவியால் அடித்து எடுத்துக்கொள்ள வேண்டும். துளைகளில் போல்ட்டுகளைச் செருகித் தாளை நிலைநிறுத்திக்கொண்டு மீதியைக் கூரிய கத்தியால் வெட்டினால் வடிவம் நகராது. கத்தரிக்கோலால் துளையின் ஓரத்தைக் கிழித்தால் அங்கேதான் பின்னர் கசியும்.

தடிமன் விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பக்கக் கவரில் தடித்த தாளைப் போட்டால் உள்ளேயுள்ள தண்டுகளின் பக்கவாட்டு ஆட்டம் கூடும். மெல்லிய தாளைப் போட்டால் தண்டு பிடித்துக்கொள்ளலாம். சிலிண்டரின் அடிக் கேஸ்கட்டில் தடிமன் மாறினால், சிலிண்டருக்குள் ஏற்படும் அழுத்தமான கம்ப்ரெஷன் மாறும். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் போர்ட்டுகள் திறந்து மூடும் நேரமும் சேர்ந்து மாறும்.

சீலன்ட் தேவையா என்ற கேள்வி எப்போதும் எழுகிறது. முகங்கள் ஒழுங்காக இருந்தால் தாள் கேஸ்கட்டுக்குச் சிலிக்கான் சீலன்ட் தேவையில்லை. தாராளமாகப் பூசிய சிலிக்கான் வெளியே பிதுங்குவது நம் கண்ணில் படுகிறது. அதே அளவு உள்ளேயும் பிதுங்கி, பின்னர் புழுவைப்போல் உதிர்ந்து, ஆயில் வழிகளை அடைக்கிறது. விதிவிலக்காக ஓரிடம் உண்டு: கிராங்க் கேஸின் இரு பாதிகள் சேரும் கோடு கவரின் முகத்தைச் சந்திக்கும் புள்ளியில், கடுகளவு சீலன்ட் வைப்பது நல்லது. மற்றபடி, தாளின் கவர் பக்கத்தில் மிக மெல்லியதாகக் கிரீஸ் தடவினால், பூட்டும்போது கேஸ்கட் நழுவாது; அடுத்த முறை கழற்றும்போதும் கிழியாமல் வரும்.

பூட்டுதல்

முதலில் கேஸ்கட் இல்லாமல், டோவல் பின்களோடு கவரை ஒருமுறை பொருத்திப் பாருங்கள். ஆடாமல், இடைவெளியின்றிக் கையாலேயே உட்கார வேண்டும். ஆடினால் ஏதோ ஒரு வாஷரோ தண்டோ இடம் மாறியிருக்கிறது. பிறகு கவரை வெளியே எடுத்து, எல்லாப் போல்ட்டுகளையும் அவற்றின் துளைகளில் செருகிக் கவரைப் பக்கவாட்டில் பார்த்தால், மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் மரைப் பகுதி எல்லாப் போல்ட்டுக்கும் ஏறக்குறைய ஒரே நீளமாக இருப்பது தெரியும். ஒன்று மட்டும் கூடுதலாக நீட்டினால் அது இடம் மாறிய போல்ட். முன்பு சொன்ன சோதனை இதுதான்.

கேஸ்கட்டை டோவல் பின்களின் மேல் மாட்டி, கிக்கர் தண்டின் முனையில் சிறிது கிரீஸ் தடவி, அதன் பற்கள் புதிய ஆயில் சீலின் உதட்டைக் கிழிக்காதபடி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு கவரைத் தள்ளுங்கள். கடைசி சில மில்லிமீட்டர் இறங்கவில்லை என்றால், போல்ட்டை முறுக்கி இழுக்கக் கூடாது. கிக்கர் தண்டை இலேசாகத் திருப்பினால் உள்ளேயுள்ள பற்சக்கரங்கள் சேர்ந்துகொண்டு கவர் தானாக உட்காரும்.

எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் விரலால் திருகி, தலை கவரைத் தொடும்வரை கொண்டுவாருங்கள். பின்னர் நடுவிலிருந்து தொடங்கி எதிரெதிராக, பாதி அளவு டார்க்கில் ஒரு சுற்றும், முழு அளவில் ஒரு சுற்றும் இறுக்குங்கள். அலுமினியத்தில் இறங்கும் 6 மி.மீ. மரைப் போல்ட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் அளவு போதுமானது. பத்து சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் ஏறக்குறைய பத்து கிலோ எடை தொங்கும் அளவுதான் அது. வழக்கமான நீள ஸ்பேனரில் இதைவிடக் குறைந்த பலமே தேவைப்படும். கை தன்னையறியாமல் தரும் பலம் பெரும்பாலும் இதைத் தாண்டிவிடும் என்பதாலேயே டார்க் ரெஞ்சை வற்புறுத்துகிறேன்.

கிக்கரை அடையாளத்தின்படி மாட்டி, கிளட்ச் கேபிளைக் கோர்த்து, லிவரின் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை வெற்று அசைவு இருக்கும்படி சரிசெய்யுங்கள். புதிய வாஷரோடு டிரெயின் போல்ட்டை இறுக்கி, அளவு பார்த்து ஆயில் ஊற்றுங்கள். கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே சுழலும் வண்டிகளுக்கு ஜாசோ எம்.ஏ. தரம் குறிக்கப்பட்ட ஆயில் வேண்டும். உராய்வைக் குறைக்கும் கலவைகள் சேர்ந்த கார் ஆயில் கிளட்ச்சை வழுக்கச் செய்யக்கூடும். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல், மூடியுள்ள கேனில் சேர்த்து, பழைய ஆயில் வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

இணைப்பைச் சுற்றிலும் பிரேக் கிளீனரால் துடைத்து உலர்த்தி, இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சில நிமிடங்கள் கழித்து ஆயில் அளவை மீண்டும் பாருங்கள். வடிகட்டியும் வழிகளும் நிரம்புவதால் சற்றுக் குறைந்திருக்கும். வெள்ளைக் காகிதத் துண்டால் இணைப்பின் கீழ் விளிம்பை ஒற்றி எடுத்தால், கண்ணுக்குத் தெரியாத ஈரமும் காகிதத்தில் பதியும். முதல் பயணம் முடிந்து இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு, அதே டார்க் அளவில் போல்ட்டுகளை ஒருமுறை சோதியுங்கள். தாள் சற்று அமுங்கியிருக்கும் என்பதால் ஓரிரு போல்ட்டுகள் சிறிது திரும்பலாம். குறித்த அளவுக்கு மேல் போக வேண்டாம்.

ஹெட் கேஸ்கட் கசிவை இதே துணிவோடு அணுக வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் இடையில் ஆயில் பொங்குவதோ, கிக்கரை உதைக்கும்போது அங்கே காற்று சீறுவதோ, கம்ப்ரெஷன் குறைவதோ அதன் அறிகுறிகள். அங்கே கேம் செயினையும் டைமிங்கையும் கழற்றிப் பூட்ட வேண்டும், டார்க் வரிசையில் சிறு பிழைக்கும் இடமில்லை. இரண்டு மூன்று பக்கக் கவர்களைக் கசியாமல் பூட்டிய அனுபவத்துக்குப் பிறகு, மேனுவலை அருகில் வைத்துக்கொண்டு அதைத் தொடங்கலாம்.

சில நூறு கிலோமீட்டருக்குப் பின் மறுபடியும் பவுடர் தூவிப் பாருங்கள். அதே இடத்தில் கோடு விழுந்தால், முகத்தில் கீறலோ வளைவோ மிஞ்சியிருக்கிறது. கவரைத் திறந்து கண்ணாடிச் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். இந்த இணைப்பு உலர்ந்தே இருக்க, முன்பு கசியாத வேறோர் இணைப்பில் புதிதாக ஈரம் தோன்றினால், குறை உள்ளழுத்தத்தில் இருக்கிறது. மூச்சுக்குழாய் சுத்தமாக இருந்தும் இப்படி நேர்ந்தால், அடுத்ததாகச் செய்ய வேண்டியது கம்ப்ரெஷன் சோதனை. பிளக் துளை வழியே சிறிது ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது அளவு ஏறினால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். அந்த நிலையில் வெளியே எந்தக் கேஸ்கட்டையும் மாற்றாமல், ரிங்குகளுக்கான வேலையை முதலில் முடித்துவிடுங்கள்.